நிற்கக் கூடாத வண்டி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரமும் கேட்டேன். அதற்கு முந்தின வாரமும் கேட்டேன். "ஒவ்வொரு வாரமும் மன்னிப்புக்கே ஒரு பத்தி போய்விடுகிறது" என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லி அனுப்பினார். ஆனாலும் கேட்காமல் ஆரம்பிக்கக் கை வரவில்லை. எட்டாவது வரை படித்தவன் நான். பட்டறையில் இருந்த காலத்தில் கண்ணாடிமேல் சாக்கட்டியால் "பிரேக் இல்லை", "தண்ணீர் ஊற்றவும்" என்று எழுதியதுதான் என் எழுத்து அனுபவம். அதைப் படித்தவர்களும் ஊற்றியதில்லை.

இந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் சமையல் குறிப்பு வருகிறது. நான் சொல்வது பிடிபடாதவர்கள் பார்வையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பினால் அதிலாவது பயன் கிடைக்கும்.

கேட்டுக்கு முன்னால்

விழுப்புரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அதற்கு முன்னால், சாலையோரத்துப் பொட்டலில், ஒரு கறுப்பு கார் நிற்காமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மாடு செக்கைச் சுற்றுகிற வேகம்தான்.

காரின் முன் மட்கார்டின்மேல் ஓர் ஆள், குதிரையில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தான். ஜரிகைக் கரை வேட்டி. புதுச் சட்டை. நெற்றியில் திருநீறு. கையில் பித்தளைச் சொம்பு. பானெட்டின் அந்தப் பக்கம் திறந்து கிடந்தது. அவன் அவ்வப்போது குனிந்து, சொம்பிலிருந்து எஞ்சினுக்குள் எண்ணெய் ஊற்றினான். உள்ளேயிருந்து வடை சுடும் வாசனை வந்தது.

பின் சீட்டில் ஓர் அம்மாள். மடியில் பழத் தாம்பாளம். கார் ஒவ்வொரு சுற்று முடிக்கும்போதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில், சீட்டின்மேல், ஒரு கருங்கல் இருந்தது.

கேட்டுக்காக நின்றிருந்த கூட்டம் ரயிலை மறந்துவிட்டு எங்களைப் பார்த்தது.

"இன்னாப்பா இது, வேண்டுதலா?" என்று ஒரு மாட்டுவண்டிக்காரர் கேட்டார்.

"வாசனையப் பாத்தா வடை விக்கிறாங்க போலருக்குது" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மட்கார்டின்மேல் இருந்தவன் நான்தான். பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

தங்கமான பையன், பாவம்

கிலோவும் லிட்டரும் புதிதாக வந்து எல்லோரும் குழம்பிக்கொண்டிருந்த காலம் அது. திண்டிவனத்தில் டிரங்க் ரோடு ஓரமாக இருந்த மோட்டார் பட்டறையில் நான் மெக்கானிக். என் பெயர் கோதண்டம். இங்கே எழுதிவிட்டேன். நேரில் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

எனக்குப் பேச வராது என்றில்லை. ஆட்கள் முன்னால் வராது. சிறு வயதிலேயே அப்பா அம்மா போய்விட்டதால், அப்பாவின் தங்கை தனபாக்கியம் அத்தை வீட்டில்தான் வளர்ந்தேன். அத்தை என் பங்குக்கும் சேர்த்துப் பேசுவாள். அவள் வீட்டுக்காரர் பங்குக்கும் பேசுவாள். மாமாவும் நானும் அந்த வீட்டில் காதுகளாகவே வாழ்ந்தோம்.

இதனால் வந்தது வினை. எனக்குப் பெண் தேட ஆரம்பித்தபோது முதலில் மயிலத்துக்குப் போனோம். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்துப் பெயர் கேட்டார். அத்தை சொன்னாள். என்ன வேலை என்று கேட்டார். அத்தை சொன்னாள்.

"தம்பிக்கு என்னா புடிக்கும்?"

"கேப்பைக் களின்னா உசுரையே வுட்டுடுவான்" என்றாள் அத்தை.

எனக்குக் களி பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அதைச் சொல்ல வாய் திறக்க வேண்டுமே. பெரிய கிண்ணத்தில் களி வந்தது. தின்றேன்.

அடுத்தது திருவெண்ணெய்நல்லூர். அங்கே நடந்தது இன்னும் மோசம். கிளம்பும்போது "போய்ட்டு வர்றோம்" என்று ஒரு வார்த்தையாவது சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். வாய்க்கு முன்னால் கை முந்திக்கொண்டது. கையைக் கூப்பி, வாசலைக் காட்டித் தலையாட்டினேன். பெண்ணின் அப்பா என்னை இரக்கமாகப் பார்த்தார். பிறகு அவரும் வானத்தைக் காட்டி, விரல்களை மழைபோல் உதிர்த்து, வயிற்றைத் தட்டி, கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். மழை வரும்போல இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அர்த்தம்.

பெரியவர் அவ்வளவு சிரமப்பட்டுச் சொல்கிறாரே என்று, நானும் கையாலேயே வேண்டாம் என்றேன்.

அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு சுற்று வட்டாரம் முழுக்க ஒரே பேச்சு: "திண்டிவனத்துப் பையன் தங்கமான பையன். பாவம், ஊமை."

எஞ்சின் பேசட்டும்

இப்படிப் பெயர் கெட்டுக் கிடந்தபோதுதான், விழுப்புரம் லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்த பெருமாள் என்பவர் எங்கள் பட்டறைக்கு நேராகவே வந்தார். ஆள் நல்ல உயரம். கரி படிந்த விரல்கள். நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். என் கால்களை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அத்தைக்கு எப்படியோ தெரிந்து, இரைக்க இரைக்க ஓடி வந்துவிட்டாள்.

"ஊமைன்னு சொன்னாங்களே, இவருதானா?"

"ஐயோ, ஊமையெல்லாம் இல்லீங்க! கூச்சம். வாயத் தொறந்தான்னா கொட்டுவான். தொறக்கத்தான் மாட்டான்."

"எதுவா இருந்தா என்னாம்மா? எங்க ஊட்டுல பொண்டாட்டி, மாமியா, ரெண்டு பொண்ணுங்க. பேசறதுக்கு எங்களாண்ட ஆள் பஞ்சமே இல்ல. இவரு ஒண்ணும் பேச வேணாம். இவரு கட்டின எஞ்சின் பேசட்டும்."

அவர் போட்ட நிபந்தனை இதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நானே பிரித்துக் கட்டிய வண்டியில் விழுப்புரம் வரவேண்டும். வழியில் ஓர் இடத்தில்கூட நிற்கக் கூடாது.

"நின்னுச்சின்னா அப்பிடியே திரும்பிப் போய்க்கலாம். நான் நீராவி எஞ்சின் பாக்குறவன். அது வழியில நின்னா பின்னாடி ஒரு ஊரே நிக்கும். நிக்கற எஞ்சின் கட்டறவனுக்கு எம் பொண்ணு பூங்காவனத்தக் குடுக்க மாட்டேன்."

அவர் போனதும் அத்தை என்னிடம் சொன்னாள்: "டேய், இதான்டா கடைசி. இதுவும் போச்சின்னா மெட்ராசுக்கு அந்தாண்டதான் பொண்ணு தேடணும்."

எனக்கும் இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. என்னைப் பேச வேண்டாம் என்று சொன்ன முதல் வீடு அது.

எருமையின் வயிறு

அப்போது பட்டறையில் பிரித்துப் போட்டிருந்தது காதர் பாயின் டாக்சி. பழைய சீமைக் கார். அட்டைக் கறுப்பு. எங்கே தண்ணீர் தேங்கியிருந்தாலும் அதில் போய் நின்றுவிடும். அதனால் ஊரில் அதற்கு எருமை என்று பெயர். காதர் பாயும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஜல்தி கட்டு கோதண்டம். எருமை படுத்துக்கினா எம் பொழப்பும் படுத்துக்குது. நானே ஓட்டிக்கினு வர்றேன் ஒன் கண்ணாலத்துக்கு."

"பொண்ணுதானே பாக்கப் போறோம்" என்றாள் அத்தை.

"எல்லாம் ஒண்ணுதான்க்கா. பிரியாணி மட்டும் அப்புறம்."

கேம்ஷாப்ட் என்றால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் வயிற்றுக்குள் நீளவாக்கில் ஒரு தண்டு இருக்கும். அதில் அங்கங்கே முட்டைபோல் புடைத்திருக்கும். தண்டு சுற்றச் சுற்ற அந்தப் புடைப்புகள் வால்வுகளைத் தூக்கிவிடும். அதுதான் கேம்ஷாப்ட். அது உட்கார்ந்து சுழல்வதற்கு மூன்று வளையங்கள். பேரிங் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். பட்டறையில் புஷ் என்போம். முன்னால் இருப்பது பெரியது, நடுவில் இருப்பது சற்றுச் சிறியது, பின்னால் இருப்பது இன்னும் சிறியது. தண்டை முன்பக்கமாக உள்ளே செலுத்த வேண்டும் என்பதால் அப்படி.

அந்த வெள்ளிக்கிழமை காலை, மூன்று புஷ்ஷும் புதிது வந்திருந்தன. அத்தை பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டு, "அண்ணன் தம்பிங்களாடா?" என்று கேட்டாள்.

இந்த வளையம் தான் உட்காரும் துளையைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும். அப்போதுதான் இறுகப் பிடிக்கும். சும்மா அடித்து இறக்கினால் ஓரம் மடங்கிவிடும். அதனால் நாங்கள் சர்பத் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து, மேலே ஒட்டியிருக்கும் மரத்தூளைக் கழுவிவிட்டு, வளையங்களை அதற்குள் புதைத்து வைப்போம். குளிரில் கொஞ்சம் சுருங்கும். அந்தச் சுருக்கம் போவதற்குள் தட்டி இறக்கிவிட வேண்டும்.

"எதுக்குடா ஐஸ் வெச்சிக்கினு இருக்க? ஜொரமா அதுங்களுக்கு?"

என் கவனமெல்லாம் ஒன்றின்மேல் இருந்தது. ஒவ்வொரு புஷ்ஷிலும் எண்ணெய் வருவதற்கு ஒரு சின்னத் துளை உண்டு. அது உட்காரும் இடத்திலும் ஒரு துளை உண்டு. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பிப் போனாலும் எண்ணெய் வராது. அதிலும் முன் புஷ்ஷின் துளை வழியாகத்தான், வால்வுகள் இருக்கும் எஞ்சின் தலைக்கே எண்ணெய் ஏற வேண்டும்.

மூன்றையும் இறக்கினேன். துளைகளில் கம்பி விட்டுப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் போய் வந்தது. எண்ணெய் தடவினேன். இனித் தண்டை உள்ளே விட வேண்டியதுதான். கையில் எடுத்தும் விட்டேன்.

"வையிடா கீழே!" என்று அத்தை போட்ட சத்தத்தில், சாலையில் போன சைக்கிள்காரர் ஒருவரும் இறங்கி நின்றுவிட்டார்.

ராகு காலம் ஆரம்பித்திருந்தது.

"நல்ல காரியத்துக்குப் போற வண்டிடா! ராவு காலத்துல தண்டச் சொருவுவியா? பன்னெண்டு மணிக்கு மேல சொருவு. ஊட்டுக்குப் போயி சாப்ட்டு வா. இத நான் பாத்துக்கறேன்."

ராகு காலத்தில் சாப்பிடலாம் என்று அத்தையின் சட்டத்தில் இடம் இருந்தது. நான் போனேன். 'நான் பாத்துக்கறேன்' என்று அத்தை சொன்ன இடங்களில் எல்லாம் அப்புறம் ஏதாவது நடந்திருக்கிறது. அப்போது அது நினைவுக்கு வரவில்லை. பசி.

திரும்பி வந்தபோது எஞ்சின், தலை சீவிப் பொட்டு வைத்த குழந்தைபோல் இருந்தது. நாலு பக்கமும் சந்தனம், குங்குமம். மேலே மல்லிகைச் சரம். கீழே கற்பூரம் எரிந்த கரி. முன் புஷ்ஷில் நான் தடவிய எண்ணெயைக் காணோம். பளிச்சென்று இருந்தது.

"பிசுபிசுன்னு இருந்திச்சி. முந்தானையில தொடச்சி உட்டேன்" என்றாள் அத்தை.

அத்தையோடு வாதாட ஆள் பிறக்கவில்லை. மறுபடி எண்ணெய் தடவி, தண்டை உள்ளே விட்டேன். ஒரு விரலால் சுற்றினால் சுற்றியது. மறுநாள் மற்றதையெல்லாம் பூட்டி, எஞ்சினை ஓட்டிக் காட்டினேன். சத்தமே இல்லை.

"எருமை கன்னுக்குட்டி ஆயிடுச்சி!" என்றார் காதர் பாய்.

நான்காவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்துக் காரில் ஏறினோம். காதர் பாய், அத்தை, நான். கதவைச் சாத்தும்போதுதான் அத்தை எண்ணிப் பார்த்தாள். மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போனால் ஆகாது. மாமாவைக் கூப்பிடலாம் என்றால் மாடு கன்று போடும் நிலையில் இருந்தது. அத்தை இறங்கி, சாலையோரம் கிடந்த ஒரு கருங்கல்லைத் தூக்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப நாலு பேரு. எடு பாய் வண்டிய."

"நாலாவது சவாரிக்கு யாரு சார்ஜ் குடுக்கறது?" என்றார் காதர் பாய்.

கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. அதற்குமேல், முன்னாலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. கீ… கீ… என்று.

"எங்கியோ நாயனம் வாசிக்கறாங்க. நல்ல சகுனம்" என்றாள் அத்தை.

அது நாயனம் இல்லை. அது எண்ணெய் இல்லாத இரும்பு.

கொஞ்ச தூரத்தில் ஒரு வாசனையும் வந்தது. சந்தன வாசனை. அத்தை கண்ணை மூடிக் கை கூப்பினாள். "மயிலம் முருகா! மலை மேலருந்து இவ்வளவு தூரம் வருது பாருடா ஒன் வாசனை!"

காதர் பாய் மூக்கை உறிஞ்சினார். "அக்கா, மயிலம் அப்பவே பின்னாடி போயிடுச்சி. வாசனை மட்டும் ஏன் கூடவே வந்துக்கினு இருக்குது?"

"தொணைக்கு வர்றான் முருகன்."

"தொணைக்கு வர்றவரு எதுக்கு இப்பிடிக் கத்தறாரு?"

சத்தம் இப்போது கீச்சிட்டது. நிறுத்திப் பார்த்தால் நிபந்தனை போச்சு. நிறுத்தாமல் போனால் எஞ்சின் இறுகி, தானே நின்றுவிடும். நான் காதர் பாயைப் பார்த்தேன். கையால் மெதுவாக என்று காட்டினேன். அவர் புரிந்துகொண்டு, ஆள் நடக்கிற வேகத்துக்குக் குறைத்தார். நான் ஓடுகிற காரிலிருந்து மட்கார்டுக்குத் தாவினேன். புது வேட்டி. அத்தை முருகனை விட்டுவிட்டு அலறினாள்.

பானெட்டின் பக்கத்தைத் திறந்து, எஞ்சினின் தலையில் இருக்கும் எண்ணெய் மூடியைத் திருகி எடுத்தேன். உள்ளே பார்த்தேன். எண்ணெயில் பளபளக்க வேண்டிய இடம், வெயிலில் கிடந்த சட்டிபோல் காய்ந்திருந்தது.

"பாய்! எண்ணெய்!" என்று கத்தினேன். நான் அவ்வளவு உரக்கக் கத்தி அவர் கேட்டதில்லை. ஸ்டீரிங்கை விட்டுவிடப் பார்த்தார்.

"டின்ன ஊட்டுலயே வெச்சிட்டு வந்துட்டனே! பேஜாரா பூட்ச்சே!"

செக்கு எண்ணெய்

எங்களுக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. அதில் தகர டின்கள். செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய். விக்கிரவாண்டிக்குப் போகிறது. காதர் பாய் எருமையை அதன் பக்கத்தில் கொண்டுபோய், மாட்டின் வேகத்துக்கே ஓட்டினார்.

வண்டிக்காரர் எங்களைப் பார்த்தார். "என்னா, காரு எங்க மாட்டாண்ட பந்தயம் உடுதா?"

"எண்ணெய் குடுங்கண்ணே! ஒரு சொம்பு!" என்றார் காதர் பாய்.

"நிறுத்துங்க, அளந்து தர்றேன்."

"நிறுத்த முடியாதுண்ணே. நிறுத்தினா கண்ணாலம் நின்னுடும்."

இப்போது அத்தை குறுக்கே வந்தாள். "பொண்ணு பாக்கப் போறப்ப எண்ணெயா? எதிர எண்ணெய் வந்தாலே ஆகாதுடா!"

மட்கார்டில் இருந்தபடி நான் கெஞ்சுகிற மாதிரி அவளைப் பார்த்தேன். கீச்சுச் சத்தம் ஒருமுறை விம்மி அடங்கியது. அத்தை யோசித்தாள். இதற்கெல்லாம் அவளிடம் வழி உண்டு.

"எதிர வந்தாத்தான் ஆகாது. இது பக்கத்துல வருது. வாங்குடா."

சொம்பில் இருந்த குடிநீரைச் சாலையில் கொட்டினாள். சொம்பு காரிலிருந்து மாட்டுவண்டிக்குப் போனது. எண்ணெயோடு திரும்பி வந்தது. இந்தக் களேபரத்திலும் அத்தை விலை பேசினாள். மாடும் காரும் ஒன்றாகவே நடந்துகொண்டிருந்தன.

எஞ்சினின் தலைக்குள் முதல் ஊற்று ஊற்றினேன். சத்தம் அடங்கியது. ஆனால் காய்ந்த இரும்பில் மல்லாட்டை எண்ணெய் பட்டதும் எழுந்தது பாருங்கள் ஒரு வாசனை! அசல் வடை. சந்தனத்தோடு சேர்ந்த வடை.

விக்கிரவாண்டி கடைத்தெருவில் நாங்கள் ஊர்ந்து போனபோது டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கினார்கள். நாலைந்து நாய்கள் எங்களோடு கிளம்பின. அவற்றில் ஒன்று விழுப்புரம் எல்லை வரை வந்தது. அதற்கு என்மேல் இருந்த நம்பிக்கை எனக்கே என்மேல் இல்லை.

மறுபடியும் கேட்

இப்படியாகத்தான் நாங்கள் அந்த ரயில்வே கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். கேட் மூடியிருந்தது. பெருமாள் வீடு கேட்டுக்கு அந்தப் பக்கம், ரயில்வே குடியிருப்பில்.

"முடிஞ்சிது. நின்னே ஆவணும்" என்றார் காதர் பாய்.

"நிக்காதே! சுத்து!" என்றாள் அத்தை.

சுற்றினார். சொம்பில் எண்ணெய் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. ரயில் வரவே இல்லை. கூட்டத்தில் சிலர் நாங்கள் ஏதோ பிரார்த்தனை செலுத்துகிறோம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். கடைசியாக ரயில் வந்தது. அது சரக்கு ரயில். அதற்குப் பெட்டிகள் முடிவே இல்லை.

கேட் திறந்தபோதுதான் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்தபடி பெருமாள் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். சைக்கிளில் ஏறி முன்னால் போனார். நாங்கள் பின்னால் போனோம்.

அவர் தன் வீட்டு வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்ட பிறகுதான் எருமை நின்றது. கைப் பிரேக் அதற்கு எப்போதுமே கிடையாது. அதனால் எங்கள் நான்காவது ஆள் இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் போனார்.

பேச்சு

பெருமாள் காரை ஒருமுறை மெதுவாகச் சுற்றி வந்தார். மோந்து பார்த்தார்.

"சந்தனம். வடை. என்னாம்மா, கண்ணாலத்தையே பானெட்டுக்குள்ள வெச்சி எடுத்துக்கினு வந்துட்டீங்களா?"

"நிக்கல சார்!" என்றார் காதர் பாய். "அல்லா மேல ஆணையா ஒரு எடத்துல நிக்கல. கேட்டுல கூட நிக்கல. நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன். ரயில்வேல சேந்த நாளா, கேட்டுக்கு முன்னாடி பிரதட்சணம் பண்ண வண்டிய இன்னிக்குத்தான் பாக்கறேன். நிக்கல, ஒத்துக்கறேன். ஆனா எஞ்சின் பேசட்டும்னுதானே சொன்னேன்? இது ஒப்பாரி வெக்குதே. ஏன்?"

எனக்குத் தெரிந்து, அத்தைக்குப் பதில் வராதது அன்றைக்குத்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் பெருமாளின் மனைவி, மாமியார். ஜன்னலில் இரண்டு பெண்கள். நான் எண்ணெய் வழியும் சட்டையோடு, காலிச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் அவர் கேட்டது என்னைப் பற்றி இல்லை. முன் புஷ்ஷைப் பற்றி.

"முன் புஷ்ஷுங்க மாமா" என்றேன். "ஓட்டை அடைச்சிக்கினு இருக்குது. அதான் தலைக்கு எண்ணெய் ஏறல. புஷ்ஷ நான் நேராத்தான் எறக்கினேன். கம்பி உட்டுப் பாத்தேன், சுத்தமாப் போய் வந்திச்சி. அதுக்கப்புறம் ஏதோ உள்ள பூந்திருக்குது. சூடு ஏற ஏறச் சந்தன வாசனை வருது பாருங்க. அப்ப, ஓட்டையில இருக்கறது சந்தனந்தான். தண்ட வெளிய எடுத்து ஒரு குத்து குத்தினாப் போதும், புஷ்ஷுக்கு ஒண்ணும் ஆயிருக்காது…"

அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. பெரிய வளையம், சின்ன வளையம், ஐஸ், சர்பத் கடை மரத்தூள் என்று போய்க்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷமாக உள்ளே தேங்கியிருந்ததெல்லாம் அந்தச் சின்னத் துளை வழியாக வந்துவிட்டது.

"டேய்" என்றாள் அத்தை ஈனஸ்வரத்தில். "அந்த முன்னாடி வளையத்துல, சின்னதா வட்டமா இருந்திச்சே… அதுவா?"

"அதான் அத்தே."

"பொட்டு வெக்கறதுக்குன்னே உட்டு வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்டா. வெச்சி அழுத்தினேன். அம்சமா உக்காந்திச்சி. நடுவுல இருக்கறதுக்கும் வெக்கலாம்னு பாத்தேன். வளையல் தடுத்திச்சி."

ஜன்னலில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். சிரிப்பை அடக்க முயன்று, முடியாமல், மறுபடி சிரித்தார்கள். உள்ளே ஒரு அடி விழுகிற சத்தம் கேட்டது. சிரிப்பு நிற்கவில்லை.

பெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் தொங்கிவிட்டது. காரின் படிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாம்மா, இவரு பேசுறாரே?"

"பேசுவான்னு அன்னிக்கே சொன்னேன் இல்ல?"

"நான் நம்பலியே! பேசாத மாப்பிள்ளைன்னுதானேம்மா ஆசப்பட்டேன். டூட்டி முடிஞ்சி வந்தா, இந்த ஊட்டுல ஒரு ஆளாச்சும் எங்கூடச் சும்மா உக்காந்திருப்பாருன்னு பாத்தேன். இவரு இந்தப் போடு போடறாரே!"

அவர் குரலில் நிஜமான துக்கம் இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. வண்டி நிற்காமல் வந்தும், கல்யாணம் நின்றுவிட்டது.

"இல்லீங்க! பேசவே மாட்டான்!" என்று அத்தை பதறினாள். "சத்தியமா ஊமைங்க! ஊரே சொல்லுதே, விசாரிச்சிப் பாருங்க. இன்னிக்கி ஏதோ வெயிலு…"

அப்போது கதவருகே பூங்காவனம் வந்து நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். கண்ணெல்லாம் சிரித்துச் சிரித்து நீர்.

"ஏம்பா, எஞ்சினப் பத்தித்தானே பேசினாரு? வேற எதுனா கேட்டுப் பாருங்களேன்."

பெருமாள் நிமிர்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்பா, பொண்ணு புடிச்சிருக்குதா?"

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். காது சுட்டது. சொம்பைப் பார்த்தேன். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தேன். எருமை சூடு ஆறும் சத்தம் மட்டும் டிக், டிக் என்று கேட்டது.

பெருமாள் காத்திருந்தார். இன்னும் காத்திருந்தார். மெல்ல அவர் முகம் தெளிந்தது.

"ஆங். இது போதும்" என்று எழுந்தார். "உள்ள வாங்க எல்லாரும்."

உள்ளே சுடச்சுட வடை வைத்தார்கள். எங்கள் மூன்று பேராலும் ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை. எருமையை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் திண்டிவனம் திரும்பினோம்.

மறுநாள் திங்கட்கிழமை. ராகு காலம் முடிந்த பிறகு அத்தை அனுப்பினாள். பெருமாள் வீட்டு வாசலில் வைத்தே கேம்ஷாப்டை வெளியே எடுத்து, முன் புஷ்ஷின் துளையைக் கம்பியால் குத்தினேன். சந்தனம் சின்ன வில்லையாக விழுந்தது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டச் சாயங்காலம் ஆயிற்று. பெருமாள் மாமா லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.